பச்சைப் பட்டாணி: உரித்ததா, உறைந்ததா?

பறித்த நேரத்திலிருந்தே பட்டாணியின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. வைட்டமின் சி-யும் குறைகிறது. ஊட்டியிலிருந்து வந்து கடைக்கூடையில் இரண்டு நாள் கிடந்த காயை உரித்தால், மணி தடித்து மாவாகக் கடிபடும்.

உறைபட்டாணியைப் பறித்த சில மணி நேரத்திலேயே கொதிநீரில் முக்கியெடுத்து மைனஸ் 18 டிகிரியில் வைக்கிறார்கள். முக்கும்போது கொஞ்சம் வைட்டமின் சி போகும். மிச்சம் பெரும்பாலும் மாதக்கணக்கில் நிற்கும். நார்ச்சத்திலும் புரதத்திலும் வேறுபாடு சொற்பம்.

குருமாவுக்கு நான் உறைந்ததையே எடுக்கிறேன். கடைசி ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். குக்கரில் விசில் விட்டால் கூழ்தான்.

மார்கழியில் மட்டும் கட்சி மாறிவிடுவேன். நகம் பட்டதும் படக்கென்று பிளக்கும் இளங்காய் கிடைத்தால், வாணலிக்கு வருவதற்குள் பாதி வாய்க்குள் போய்விடும்.

பீன்ஸ் வேறு கதை. உறைந்தது துவண்டுவிடும், பொரியலுக்கு ஆகாது.