சமூகத் தொலைக்காட்சியா, கைப்பேசிக் காணொளியா?

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் உள்ளூர்ச் செய்தியைக் கொண்டு சேர்க்கவும் இளைஞரை அதில் ஈடுபடுத்தவும் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மக்களே நிகழ்ச்சி தயாரிக்கும் சமூகத் தொலைக்காட்சி. மற்றையது, கைப்பேசியில் எடுத்து யூடியூபிலும் வட்ஸ்அப்பிலும் பகிரும் காணொளி.

முதலாவதற்கு முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் கேபிள் சட்டம், பொதுமக்களுக்கும் கல்விக்கும் உள்ளூராட்சிக்கும் அலைவரிசை ஒதுக்குமாறு கேபிள் நிறுவனங்களைக் கோர உள்ளூர் நிர்வாகங்களுக்கு இடமளித்தது. நம் மலைகளிலேயே 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, பின்னர் யுனெஸ்கோ ஆதரவுடன், நேயர்களின் கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பியது. கலையகம் ஒன்று இருந்தால், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒளிப்பதிவையும் படத்தொகுப்பையும் அங்கு முறையாகக் கற்கலாம். உரிமம், கருவிகள், மின்கட்டணம் ஆகியவையே பெருஞ்சுமை.

கைப்பேசிக்குச் செலவு குறைவு. பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வீடு திரும்பும் தாய், தனக்கு ஓய்வு கிடைக்கும்போது பார்க்கலாம். பள்ளத்து லயங்களில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், சிக்னல் கிடைக்காதது ஒரு குறை. அதைவிடப் பெரியது நம்பகம். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களையே மூடியதை நாம் மறக்கவில்லை. அடைமழை நாளில் பழைய மண்சரிவுக் காட்சி புதியதுபோல் பரவினால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் உண்மையான மண்சரிவு எச்சரிக்கை அதற்குள் அமிழ்ந்துவிடும்.

ஆகவே, செய்தியைச் சரிபார்த்துப் பெயருடன் பொறுப்பேற்கும் கலையகத்தையே நான் தெரிவுசெய்வேன். ஒளிபரப்பு உரிமம் கைகூடும்வரை, அதன் நிகழ்ச்சிகள் கைப்பேசி வழியே போகட்டும்.