லிங்க்ட்இன்னா, மின்னஞ்சலா?

கொழும்பில் வேலை தேடத் தொடங்கும் நம் பிள்ளைகள் அதிகம் கேட்பது இதைத்தான்: அறிமுகமில்லாத ஒரு துறைசார்ந்தவரை எப்படி அணுகுவது?

தொழில் தொடர்புகளுக்கான சமூக வலைத்தளமான லிங்க்ட்இன்னில் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். தெமட்டகொடை ஓரியன் சிட்டியில் வேலை செய்யும் ஒரு மென்பொருள் பொறியியலாளரின் மின்னஞ்சல் முகவரி கிடைக்காமல் போகலாம்; அவருடைய பக்கம் கிடைத்துவிடும். ஆனால் இணைப்புக் கோரிக்கையோடு அனுப்பும் குறிப்பு 300 எழுத்தைத் தாண்ட முடியாது. இலவசக் கணக்கில் இன்னும் குறைவு. நீங்கள் யார் என்று சொல்லி முடிவதற்குள் இடம் தீர்ந்துவிடும்.

மின்னஞ்சலில் அந்த நெருக்கடி இல்லை. ஆபத்தும் அதில்தான். மூன்று பந்தி சுயபுராணம், கேட்காமலே இணைத்த சீவி (CV, சுயவிவரக் கோவை), கடைசியில் "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க சேர்". இதற்கு அவர் என்னதான் பதில் எழுதுவார்? தலைப்பில் "மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவி, தரவுப் பொறியியல் பற்றி ஒரு கேள்வி" என்று போடுங்கள். உள்ளே அவருடைய உரையோ கட்டுரையோ ஒன்றைச் சுட்டி, எந்த இடம் விளங்கவில்லை என்று எழுதுங்கள். பிறகு ஒரே வேண்டுகோள்: "அடுத்த வாரம் 15 நிமிடம் தொலைபேசியில் கதைக்க முடியுமா?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்.

வங்கி, கணக்காய்வு, சட்டத் துறைகளின் மூத்தவர்களுக்கு மின்னஞ்சலையே சொல்வேன். மென்பொருள், விளம்பரத் துறை இளையவர்களுக்கு லிங்க்ட்இன் போதும். பதில் வராவிட்டால் ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து ஒரேயொரு நினைவூட்டல் அனுப்பலாம். சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் மட்டும் எதையும் அனுப்பாதீர்கள்; கொழும்பில் பாதிப்பேர் ஊருக்குப் போயிருப்பார்கள்.