ஒரு ரப்பர் வளையமும் மூன்று பாதைகளும்: புள்ளியியல் இயக்கவியலை எங்கிருந்து தொடங்குவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களிலிருந்து இயற்பியல் படிக்கப் பல்கலைக்கழகம் செல்லும் நம் பிள்ளைகளில் பலர், அதுவரை நன்றாகப் படித்துவந்திருந்தாலும், கோடானுகோடி அணுக்களின் நடத்தையிலிருந்து வெப்பநிலை, அழுத்தம் போன்றவற்றை விளக்கும் புள்ளியியல் இயக்கவியலுக்கு வந்ததும் திணறிப் போகிறார்கள். அதன் கணிதம் மிரட்டக்கூடியதன்று. பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதில் பாடநூல்களே மூன்று விதமாகப் பிரிந்து நிற்பதுதான் சிக்கல். வெப்ப இயக்கவியலை முடித்துவிட்டு அணுக்களுக்கு வருவது ஒரு பாதை. நுண்நிலைகளை, அதாவது அணுக்கள் அமையக்கூடிய தனித்தனி விதங்களை, எண்ணுவதிலிருந்து தொடங்குவது இரண்டாவது. ஒரு நிலையின் ஆற்றலையும் வெப்பநிலையையும் வைத்து அதன் வாய்ப்பைச் சொல்லும் போல்ட்ஸ்மன் காரணியை முதல் வாரத்திலேயே கையில் கொடுத்துவிடுவது மூன்றாவது. மூன்றையும் ஒரே கணக்கில் இறக்கிப் பார்த்தால் எது எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும்.

அந்தக் கணக்கு ரப்பராகவே இருக்கட்டும். சுற்றிலும் இப்போது செம்பனையே நின்றாலும், 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளின் வழிவந்த பால்மரத்தால் வளர்ந்த வட்டாரம் இது. ரப்பரில் ஒரு விந்தை உண்டு. ஒரு ரப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் இளஞ்சூடு தெரியும்; ஆங்கிலேய அறிஞர் ஜான் கஃப் இதை இப்படித்தான் கண்டறிந்து 1805இல் வெளியிட்டார். அதே வளையத்தில் ஓர் எடையைத் தொங்கவிட்டுச் சூடாக்கினால், உலோகக் கம்பியைப் போல நீளாமல், சுருங்கி எடையை மேலே தூக்கும். வளையத்தை நன்றாக நீட்டியிருக்க வேண்டும். மிகக் குறைந்த நீட்சியில் சாதாரண வெப்ப விரிவே மேலோங்கிவிடும்.

முதல் பாதையில் செல்பவர், நீளம் மாறாமல் வெப்பநிலையைக் கூட்டும்போது இழுவிசை கூடுகிறது என்ற அளவீட்டை எடுத்துக்கொண்டு, மாக்ஸ்வெல் தொடர்பு (வெப்ப இயக்கவியலின் இருவேறு மாறுவீதங்களைச் சமப்படுத்தும் சூத்திரம்) ஒன்றைப் பயன்படுத்தி, ரப்பரை நீட்டினால் அதன் என்ட்ரோபி (மீளும் மாற்றத்தில் ஏறும் வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்து அளப்பது) குறைகிறது என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார். முடிவு பிழையற்றது, மூலக்கூறுகளைப் பற்றி எந்த அனுமானமும் இல்லாமல் வந்தது என்பதால் மிக உறுதியானதும்கூட. ஆனால் ஏன் குறைகிறது என்று கேட்டால் இந்தப் பாதையில் பதில் கிடையாது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வான எஸ்.டி.பி.எம். படிப்பின் முதல் பருவத்திலேயே வாயுக்களின் இயக்கக் கொள்கையையும் வெப்ப இயக்கவியலின் முதல் விதியையும் பார்த்துவிட்டு வருபவருக்கு இதன் தொடக்கம் பழகியதாக இருக்கும். அந்தப் பழக்கமே, பாதிப் பருவம் கடந்தும் அணுக்கள் பக்கம் வராமல் அவரை வைத்திருக்கும்.

இரண்டாம் பாதையில் ரப்பர் மூலக்கூறு ஒரு சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியும் வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பலாம். நான்கே கண்ணிகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 அமைப்புகள். இரண்டு முனைகளும் ஒரே இடத்தில் வந்து சேரும் அமைப்புகள் 6. இரண்டு கண்ணி நீளத்துக்கு வலப்புறம் நீண்டவை 4. முழுவதும் வலப்புறம் நீண்டது 1. இந்த மூன்று எண்களைத் தாளில் எழுதிப் பார்த்தவருக்கு ரப்பரின் மீள்தன்மை பாதி புரிந்துவிட்டது: சுருங்க வேண்டும் என்ற விருப்பம் எதுவும் சங்கிலிக்கு இல்லை, சுருங்கிய நிலைகள் எண்ணிக்கையில் கூடுதல், அவ்வளவுதான். கண்ணிகள் 100 ஆனால் முனைகள் சேரும் அமைப்புகள் ஏறக்குறைய 1க்குப் பின் 29 சுழியங்கள் இட்ட எண். வலப்புறம் முழுதாக நீண்டது அப்போதும் ஒன்றே. என்ட்ரோபி என்பது இந்த எண்ணிக்கையின் மடக்கைக்கு நேர்விகிதமானது. இங்கே, பெரிய தொடர்பெருக்கங்களை எளிதாக்கும் ஸ்டர்லிங் தோராயத்தைப் போட்டு, மடக்கையை எடுத்து, நீளத்தைப் பொறுத்து வகையிட்டால், சங்கிலியின் முழு நீளத்தோடு ஒப்பிட நீட்சி சிறிதாக இருக்கும்வரை, விசை நீட்சிக்கும் வெப்பநிலைக்கும் நேர்விகிதத்தில் வருகிறது. சூடாக்கினால் எடை ஏன் மேலே வருகிறது என்பதற்கான விடை அந்த வெப்பநிலைக் காரணியில் இருக்கிறது. வெப்பநிலை என்பதே ஆற்றலைக் கூட்டும்போது என்ட்ரோபி கூடும் வீதத்தின் தலைகீழ் என்ற வரையறையும் இப்பாதையில்தான் இயல்பாக வந்து சேர்கிறது. 1951இல் இயற்பியலாளர்கள் பர்செல்லும் பவுண்டும் அணுக்கருச் சுழற்சிகளில் காட்டிய எதிர்ம வெப்பநிலை (ஆற்றலைக் கூட்டும்போது என்ட்ரோபி குறையும் நிலை), இந்த வரையறை கைவசம் இருப்பவருக்குப் புதிராகவே இராது.

இதன் குறை, எண்ணுவது சீக்கிரமே கழுத்தைப் பிடிக்கும் என்பது. மொத்த ஆற்றலை மாறாமல் வைத்துக்கொண்டே எண்ண வேண்டும் என்ற கட்டுப்பாடு, அணுக்கள் யாவும் ஒரே அதிர்வெண்ணில் தனித்தனியே அதிர்வதாகக் கொள்ளும் ஐன்ஸ்டைனின் 1907ஆம் ஆண்டுத் திண்ம மாதிரிக்குச் சரிப்பட்டு வரும். துகள்கள் ஒன்றோடொன்று இடைவினை புரியத் தொடங்கிவிட்டால் எண்ணிக்கை கைமீறிப் போய்விடும்.

மூன்றாம் பாதைக்கு அந்தத் தொல்லை இல்லை. போல்ட்ஸ்மன் காரணியின்படி, விசையின் திசையில் திரும்பிய கண்ணிக்கு ஓர் எடைமதிப்பு, எதிர்த்திசையில் திரும்பியதற்கு இன்னொன்று. இரண்டின் கூட்டுத்தொகையைக் கண்ணிகளின் எண்ணிக்கை அளவு அடுக்கேற்றினால் பங்கீட்டுச் சார்பு, அதாவது எல்லா அமைப்புகளின் எடைமதிப்புகளின் மொத்தம், தயார். அதன் மடக்கையை வகையிட, சிறு விசையில் மேற்சொன்ன நேர்விகிதமும், பெரு விசையில் சங்கிலி முழு நீளத்துக்கு மேல் போகாமல் நின்றுவிடுவதும் மூன்று வரிகளுக்குள் வந்துவிடுகின்றன. கிப்ஸ் 1902இல் ஒழுங்குபடுத்திக் கொடுத்த இந்த முறையின் வேகத்துக்கு ஈடில்லை. தேர்வில் மதிப்பெண்ணும் இதில்தான் இருக்கிறது. ஆனால் சார்பை எழுது, மடக்கை எடு, வகையிடு என்று விடை கண்டுவிட்டு, கண்ட விடை ரப்பரைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டால் விழிக்கும் மாணவரை உருவாக்குவதும் இதே பாதைதான்.

என்னைக் கேட்டால் தொடக்கம் இரண்டாம் பாதையிலேயே இருக்க வேண்டும் என்பேன். ஆனால் ரப்பர் சங்கிலி, இருநிலைச் சுழற்சிகள் (மேல், கீழ் என இரண்டே நிலை கொண்டவை), ஐன்ஸ்டைன் திண்மம் ஆகிய மூன்றோடு எண்ணுவதை நிறுத்திவிட்டு, நான்காம் வாரத்துக்குள் மூன்றாம் பாதைக்கு மாறிவிட வேண்டும். மாறிய பிறகு அதே மூன்று கணக்குகளையும் பங்கீட்டுச் சார்பில் மறுபடி செய்து, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். வெப்ப இயக்கவியலை எஸ்.டி.பி.எம்.மிலோ அதற்கு ஈடான மெட்ரிகுலேஷன் படிப்பிலோ ஒழுங்காகப் படித்தவர், முதல் பாதையை விடுமுறையில் ஒருமுறை திருப்பிப் பார்த்தாலே போதும். அங்கே அரைகுறையாக விட்டுவந்தவருக்கு மட்டும் நான் வேறு வரிசை சொல்வேன்: வெப்பம், வேலை, அக ஆற்றல் மூன்றையும் குழப்பிக்கொள்ளாத நிலை வரும்வரை அவர் எண்ணத் தொடங்கவே வேண்டாம்.