பண்ணைக் கடலுக்குச் சரி, தாலிக்கொடிக்குச் சரிவராது: பொலரைசர் பில்டர் பற்றி

யாழ்ப்பாணத்தில் கலியாணப் படம் எடுக்கிற எவரும் பையில் ஒரு பொலரைசர் பில்டர் (லென்ஸின் முன்னால் பூட்டிச் சுழற்றும், பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) வைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் வாங்குகிற பலர் அதனால் செய்ய முடியாத ஒரு வேலைக்காகத்தான் வாங்குகிறார்கள். நான் பாவிப்பது 77 மி.மீ. வட்டப் பொலரைசர், மெல்லிய வளையம், நடுத்தர விலை. டவுனில் ஒரு கடையில் எடுத்தது.

வாங்கும் இடத்திலேயே சோதித்துவிடுங்கள். கடைக்காரரின் கல்குலேட்டரை வாங்கி, பில்டரின் கமராப் பக்கம் உங்கள் கண்ணை நோக்கி இருக்கும்படி பிடித்து, திரையைப் பார்த்தபடி சுழற்றுங்கள். ஒரு இடத்தில் திரை முழுவதும் கறுத்து எழுத்து மறைய வேண்டும். மறையாவிட்டால் அது வெறும் கறுப்புக் கண்ணாடி.

அதன் உண்மையான பயன் தெரிய வேண்டுமென்றால் யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் மேல் போகும் பண்ணைப் பாலத்துக்குப் போங்கள். வெயிலுக்கு எதிரே கமராவைத் திருப்பினால், வலை கட்ட நட்டிருக்கும் மெல்லிய தடிகள் படத்தில் கறையான் தின்றதுபோல் வரும். தடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் மினுங்கும் தண்ணீரின் ஒளி லென்ஸின் கண்ணாடிகளுக்குள் சிதறி, அடுத்திருக்கும் இருட்டான இடத்தின் மேலும் விழுகிறது. மினுங்கல் தடியைவிடப் பல மடங்கு பிரகாசமானது என்பதால், அதில் சிந்துகிற சிறு பங்கே தடியின் விளிம்பை வெள்ளையாக்கப் போதும். பொம்பிளையின் காற்றில் பறக்கும் முடியும், மாப்பிளையின் காது மடலும் இப்படித்தான் கரைந்துபோகின்றன. கரைந்த விளிம்பை எந்த மென்பொருளாலும் உண்மையாகத் திருப்பித் தர முடியாது, ஏனென்றால் அது பதிவாகவே இல்லை. அதனால் மினுங்கலை லென்ஸுக்குள் வரும் முன்பே குறைப்பதுதான் வழி. பில்டரைச் சுழற்றியதும் தடிகள் நேராகி, கரையோரத்தில் அடிமண்கூடத் தெரியும்போது எனக்கு இன்றைக்கும் மனம் துள்ளும்.

ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை: நேரம். தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி, செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகையில் விழும்போதுதான் பொலரைசரால் நன்றாக வெட்டப்படும். எங்கள் ஊரில் பின்னேரம் மூன்றரை, நாலு மணி நல்ல நேரம். சோடிகள் கேட்பதோ சூரியன் கடலைத் தொடும் நேரம். அப்போது ஒளி மிகச் சாய்வாக விழுவதால் இந்தப் பில்டர் பெரிதாக உதவாது. நான் நாலு மணிக்கே வரச் சொல்லிவிடுவேன். வெயில் சுடும்தான், ஆனால் படம் பேசும்.

சரி, தங்கத்துக்கு வருவோம். "இதைப் போட்டால் நகையும் மினுங்காது தம்பி" என்று கடையில் சொன்னார்கள். அது பிழை. தண்ணீர், இலை, கண்ணாடி, வியர்த்த முகம் ஆகியவற்றின் பளபளப்பைத்தான் பொலரைசர் குறைக்கும். உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியில் அதற்கு வேலை இல்லை. தாலிக்கொடியின் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிய மஞ்சள் குழம்பாக வருவதைத் தடுக்க, பிளாஷை நேரே அடிக்காமல் பெரிய வெள்ளைக் குடைக்குள் அடியுங்கள். ஒளியளவை முக்கால் ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து, 'ரோ' என்ற மூலக் கோப்பாக எடுங்கள். கூறைப் புடவையின் சரிகைக்கும் இதே மருந்துதான்.

பிரகாசமான ஒளி பக்கத்தில் சிந்தும் இந்தத் தொல்லை டிஜிட்டலோடு வந்ததல்ல. பிலிமில் ஒளி, படம் பதியும் மருந்துப் படலத்தைத் துளைத்துப் பின்பக்கத்தில் மோதித் திரும்பி, விளக்கைச் சுற்றி வளையம் போடும். அதைத் தடுக்கவே பிலிமில் தனி அடுக்கு வைத்தார்கள். கொடக் சினிமா நெகட்டிவ்களில் நீண்ட காலம் அது பின்பக்கக் கரிப் பூச்சாக இருந்தது. அந்தப் பூச்சு இல்லாமல் விற்கும் சினிஸ்டில் 800டி சுருளில் விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழுகிறது, அதை விரும்பியே வாங்குகிறார்கள். சிசிடி என்ற பழைய வகை ஒளி உணரி உள்ள வீடியோக் கமராவில் எடுத்த கலியாண வீடியோ வீட்டில் இருந்தால் போட்டுப் பாருங்கள். பிரகாசமான லைட் வரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் ஒளி போய்விடும், மண்டபத்துக்குள் கட்டாயம் கழற்றுங்கள். இரவில் குத்துவிளக்குக்கு முன்னால் போட்டால், சுடரின் பேய் உருவம் ஒன்று படத்தின் மறுபக்கத்தில் தோன்றும். அகலக் கோண லென்ஸில் நீல வானம் ஒரு பக்கம் கறுத்து, திட்டாக வரும். லென்ஸ் ஹூட் போட்டிருந்தால் சுழற்ற விரல் போகாது. உப்புக் காற்று கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படிந்து, நீங்கள் தவிர்க்க வாங்கிய அதே சிதறலைத் திருப்பிக் கொண்டுவரும். பண்ணையிலிருந்து வீடு வந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காய விடுங்கள். வளையத்துக்குள் உப்பு இறுகினால் பிறகு சுழலாது.

ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டாம். உங்களிடமுள்ள பெரிய லென்ஸின் அளவுக்கு ஒன்று எடுத்து, மற்றவற்றுக்கு ஸ்டெப் அப் வளையம் (சிறிய லென்ஸில் பெரிய பில்டரைப் பூட்ட உதவும் வளையம்) போடுங்கள். மிச்சக் காசுக்கு அந்த வெள்ளைக் குடையை வாங்கலாம்.