48 மெகாபிக்சல் போன், நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு: கேமராவும் பிளேயரும்

சோனி 2018-ல் அறிவித்த ஐஎம்எக்ஸ்586 சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), 2019-ல் நடுத்தர விலை ஆண்ட்ராய்ட் போன்கள் பலவற்றில் வந்தது. அந்தப் போன்கள் இன்னும் நிறையப் பேர் கையில் இருக்கின்றன. பெட்டியில் 48 மெகாபிக்சல் என்று பெரிதாகப் போட்டிருக்கும், எடுத்த படமோ 12 மெகாபிக்சல்தான் இருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒரு பிக்சல் 0.8 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே என்பதால், நான்கைச் சேர்த்து 1.6 மைக்ரான் பிக்சல் ஒன்றாக வாசிக்கிறார்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் தேறுவது இதனால்தான். 48 மெகாபிக்சல் முறையை நல்ல வெயிலில், கோபுரச் சிற்பம், கல்வெட்டு, பழைய பத்திரம் போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்தபின் அதில் எடுத்தால் நுணுக்கம் கூடாது, புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் கூடும்.

வெளிச்ச அளவை போனிடமே விட்டுவிட்டால் இரண்டு இடங்களில் கட்டாயம் சொதப்பும். கேமரா எதைப் பார்த்தாலும் சராசரிச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். சாணம் தெளித்த கருந்தரையில் கோலம் இருந்தால், தரை இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், கோலத்தின் இழைகள் வெளிறிப்போகும். ஃபிரேம் முழுக்க வெள்ளை வேட்டி சட்டை என்றால் அதற்கு நேர்மாறாக, வெள்ளை அழுக்கேறியதுபோல் ஆகும். திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியை நகர்த்தி, கோலத்துக்கு -0.7 வரை குறையுங்கள், வேட்டிக்கு +0.7 வரை கூட்டுங்கள். ஃபோகஸ் வேண்டிய இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். மேடைப் பேச்சு, நடன வீடியோ எடுக்கும்போது இந்தப் பூட்டு இல்லையென்றால் ஒவ்வொரு விளக்கு மாற்றத்துக்கும் படம் மின்னி மின்னி அடங்கும்.

டியூப்லைட் அடியில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் லென்ஸையோ சென்சாரையோ குறை சொல்ல வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. சென்சாரோ படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. ஷட்டர், அதாவது ஒளியை வாங்கும் நேரம், 1/60 நொடி என்றால் அந்தத் துடிப்பு முழு எண்ணிக்கையில் அடங்காது, ஒரு வரிக்குக் கிடைத்த ஒளி இன்னொரு வரிக்குக் கிடைக்காது. அதுதான் பட்டையாகத் தெரிகிறது. கேமரா அமைப்புகளில் 'ஆன்டி பேண்டிங்' அல்லது 'ஃபிளிக்கர்' என்று இருப்பதை 'ஆட்டோ'விலிருந்து 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் 'ப்ரோ வீடியோ' முறை இருந்தால் நொடிக்கு 30 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். மண்டபத்து எல்இடி திரை தனி வேகத்தில் துடிப்பது, அதற்கு 1/50 பெரும்பாலும் உதவும், எல்லாத் திரைக்கும் உதவாது. டியூப்லைட்டில் ஸ்லோமோஷன் எடுக்கவே வேண்டாம், பகல் வெளிச்சத்துக்கு வாருங்கள்.

இனி இடக்கணக்கு. ஹெச்.264 என்ற வீடியோச் சுருக்க முறையில் 1080பி, 30 ஃபிரேம் வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி, 4கே என்றால் 300 எம்பியைத் தாண்டும். 4கே-யில் அரை மணி நேரத் தாலிகட்டு வீடியோவே 10 ஜிபி கிட்டத்தட்ட ஆகிவிடும். அதற்கு அடுத்து வந்த ஹெச்.265 முறை ஏறத்தாழப் பாதி இடத்தில் முடிக்கும், ஆனால் பழைய டிவியின் யுஎஸ்பியில் செருகினால் ஓடாமல் போகலாம். உறவினருக்குக் கொடுக்கிற வீடியோவுக்கு ஹெச்.264-ஏ போதும். மெமரி கார்டு கோப்புகளை அடுக்கும் முறை எஃப்ஏடி32 ஆக இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நீண்ட வீடியோ நடுவே துண்டாவது இதனால்தான், எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மேட் செய்து மாற்றினால் கோப்பின் இந்த வரம்பு போய்விடும். கார்டில் இருப்பதை முதலில் கணினிக்கு எடுத்துவிடுங்கள், ஃபார்மேட் செய்தால் எல்லாம் அழியும்.

படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் ஒலித்தடம் ஏசி3 அல்லது டிடிஎஸ் என்ற ஒலிச் சுருக்க முறையில் இருப்பது. உரிமக் கட்டணம் உண்டு என்பதால் பல போன்களின் பிளேயரில் அதற்கான டிகோடர் (சுருக்கியதை விரிக்கும் மென்பொருள்) இருக்காது. விஎல்சி பிளேயர் செயலி தன் டிகோடரையே கொண்டுவருவதால் அங்கே சத்தம் வரும். விஎல்சியில் படம் பச்சையாகவோ உறைந்தோ நின்றால் 'ஹார்ட்வேர் ஆக்சலரேஷன்' (வீடியோவை விரிக்கும் வேலையைப் போனின் தனி வீடியோப் பகுதியிடம் கொடுப்பது) அமைப்பை அணைத்துப் பாருங்கள். அப்போது வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழும், போன் சுடும், பேட்டரி இறங்கும். ஆகவே அந்த ஒரு கோப்புக்கு மட்டும் அணையுங்கள். 2019 போன்களில் ஏவி1 என்ற புதிய சுருக்க முறை வீடியோவும் இப்படிச் சூட்டோடுதான் ஓடும். ப்ளூடூத் இயர்போனில் உதடு முந்தி சத்தம் பிந்தினால், விஎல்சியின் 'ஆடியோ டிலே'யை -150, -200 மில்லிசெகண்ட் என்று உதடும் சத்தமும் சேரும்வரை இறக்குங்கள். தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகவோ கிறுக்கலாகவோ தெரிந்தால் பெரும்பாலும் கோப்பு பழைய குறியாக்கத்தில் (எழுத்தைச் சேமிக்கும் முறையில்) இருக்கிறது என்று பொருள். யூனிகோடுக்கு மாற்றி யுடிஎஃப்-8-ல் சேமித்து, வீடியோவுக்கும் அதற்கும் ஒரே பெயர் வைத்தால் தானாகவே ஏறிக்கொள்ளும்.

திரை முழு ஹெச்டி, இணைய வேகமும் நன்று, ஓடிடி படம் மட்டும் மங்கல் என்றால் வைட்வைன் (ஓடிடி படங்களைத் திருட்டுப் பிரதியிலிருந்து காக்கும் முறை) நிலையைப் பாருங்கள். மேல்நிலையான எல்1 இருந்தால்தான் முக்கிய ஓடிடி செயலிகள் ஹெச்டி தரும், கீழ்நிலையான எல்3-ல் 480பி அளவோடு நிற்கும். பழைய போன் வாங்கும்போது கடையிலேயே 'டிஆர்எம் இன்ஃபோ' செயலியை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். பூட்லோடர் (போனைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) பூட்டைத் திறந்த போன்கள் பல எல்3-க்கு இறங்கியிருக்கும்.