ஜெலுசில், ஃபமோட்டிடின், பான்டோபிரசோல்: எது எப்போது கேட்கும்?

போன மழைக்காலம் முழுக்க எனக்கு நெஞ்செரிச்சல். ஆபீஸ் மும்பை ஃபோர்ட்டில், வீடு செம்பூர் செட்டா நகரில். ஹார்பர் லைன் ரயிலில் வந்திறங்கி, சாப்பிட்டுப் படுக்கும்போதே மணி பதினொன்று. ஒரு மணிக்குப் புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி எழுப்பிவிடும். மூன்று வகை மருந்தும் சாப்பிட்டாயிற்று. கடைசியில் கைகொடுத்தது பான்டோபிரசோல்தான். அதுவும் முதல் இரண்டு வாரம் கேட்கவே இல்லை.

ஜெலுசில், டைஜீன் எல்லோருக்கும் தெரிந்தவை. வயிற்றில் ஏற்கெனவே இருக்கும் அமிலத்தை முறிக்கும். சில நிமிடத்தில் எரிச்சல் அடங்கும். வெறும் வயிற்றில் குடித்தால் ஒரு மணி நேரம் தாங்கினாலே அதிகம், சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தால் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். இதே வகையான ஈனோவில் சோடியம் இருப்பதால் பிரஷர் உள்ளவர்கள் அடிக்கடி குடிக்கக் கூடாது.

ஃபமோட்டிடின், அமிலம் சுரக்கச் சொல்லும் ஹிஸ்டமின் என்ற உடம்பு ரசாயனத்தின் உத்தரவைத் தடுக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். இதே வகையைச் சேர்ந்த ரானிடிடினில் என்.டி.எம்.ஏ. என்ற மாசு இருப்பதால், 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. ஃபமோட்டிடின் தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் உடம்புக்குப் பழகி, வேகம் குறையும் என்றார் டாக்டர். நான் ஆறு ராத்திரிதான் போட்டேன், நான்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியாக இருக்காது.

அப்புறம் பான்டோபிரசோல் 40. மருந்துக்கடையில் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார்கள், நானும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் போட்டேன். தப்பு அங்கேதான். வயிற்றுச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. வயிறு காலியாக இருந்தால் அவற்றில் பெரும்பாலானவை தூங்கும். சாப்பாடு விழுந்ததும் விழித்துக்கொள்ளும். இந்த மருந்து ரத்தம் வழியாகப் போய், ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மட்டும்தான் பூட்டும். மாத்திரையின் மேல்பூச்சு குடலுக்குப் போன பிறகுதான் கரையும். ரத்தத்தில் ஏறிய மருந்தும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். சாப்பிட்ட பிறகு போட்டால், மாத்திரை சாப்பாட்டோடு வயிற்றிலேயே காத்துக் கிடக்கும். அது ரத்தத்துக்கு வருவதற்குள் பம்புகள் வேலையை முடித்துவிடும்.

ஆகவே காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில், உடைக்காமல், மெல்லாமல் விழுங்க வேண்டும். ஏழரைக்கு மாத்திரை, எட்டு மணிக்கு இட்லி. "என்னங்க, மாத்திரை போட்டாச்சா? இட்லி ஊத்தட்டுமா?" என்று மனைவி அடுக்களையிலிருந்து கேட்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

முதல் நாளே எரிச்சல் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அன்று விழித்திருந்த பம்புகள் மட்டுமே பூட்டப்படும், மற்றவை அடுத்தடுத்த நாட்களில் சிக்கும். முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். எனக்கு நேரத்தை மாற்றிய நான்காம் நாள் ராத்திரி எழுந்திருக்காமல் விடிந்தது. பூட்டிய பம்பு மறுபடி திறக்காது, உடம்பு புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். அதனால்தான் ஒரு மாத்திரை ஒரு நாளைக்குத் தாங்குகிறது. ஆனால் இன்று ராத்திரி வந்த எரிச்சல் உடனே அடங்க இதை நம்பிப் பயனில்லை, அதற்கு ஜெலுசில்தான்.

பான்டோபிரசோலை வருஷக்கணக்கில் தானாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. வைட்டமின் பி12, மக்னீசியம் குறையலாம். விழுங்கச் சிரமம், எடை குறைவு, கறுப்பு மலம் இருந்தால் மாத்திரையை நம்பிக் காத்திராமல் டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், அசிடிட்டி என்று நினைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு.

எனக்கு எட்டு வாரம் முடிந்தது. திடீரென்று நிறுத்தினால் அமிலம் சில நாள் அதிகமாகப் பொங்கும் என்பதால், டாக்டர் சொன்னபடி ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன். இடையில் எரிந்தால் இரண்டு ஸ்பூன் ஜெலுசில்.