அல்காரிதம் பாடம்: வேலைக்கு வந்து பல ஆண்டுகளுக்குப் பின் ஓர் அனுபவப் பகிர்வு

பொறியியல் கல்லூரியில் அல்காரிதம், அதாவது ஒரு கணக்கைத் தீர்க்கும் படிப்படியான வழிமுறை, பற்றிய பாடத்தை நான் படித்தபோது அது எந்த வரிசையில் நடத்தப்பட்டதோ, ஏறக்குறைய அதே வரிசையில்தான் இன்றும் நடத்தப்படுகிறது. பிக்-ஓ குறியீட்டில் தொடங்கி, பிரித்து வெல்லும் முறை, கிரீடி முறை, டைனமிக் புரோகிராமிங், பேக்டிராக்கிங் என்று சென்று, என்பி-முழுமையில் முடியும் அந்த ஐந்து யூனிட்டுகளைக் கணினி அறிவியல் படித்த எவரும் அறிவார்கள் என்பதால் அவற்றை இங்கே விவரிக்கப் போவதில்லை. சரக்கு வண்டிகளுக்கு நேரமும் வழித்தடமும் ஒதுக்கும் மென்பொருளில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பிறகும் என் மனத்தை விட்டு நீங்காத ஒரு குறையைப் பற்றியே எழுத விரும்புகிறேன். ஓர் அல்காரிதம் எப்படிச் செயல்படுகிறது என்பதை எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அது ஏன் சரியான விடையைத் தருகிறது என்பதைச் சொல்லித் தரவில்லை.

அந்தக் குறை பழங்கதையாகியிருக்கும் என்று நினைத்திருந்தேன். சென்ற வாரம் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் சித்தி மகள் மேம்பட்ட அல்காரிதத்தை விருப்பப்பாடமாக எடுக்கலாமா என்ற கேள்வியோடு தன் மாதிரித் தேர்வு வினாத்தாளைப் படம் எடுத்து அனுப்பியதும் அந்த நினைப்பு போய்விட்டது. ஆறு எழுத்துகளும் அவை எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்ற நிகழ்வெண்களும் கொடுக்கப்பட்டு, அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியீடு கிடைக்கும்படி கட்டும் ஹஃப்மன் மரத்தை வரையுமாறு பதின்மூன்று மதிப்பெண்ணுக்குக் கேட்கப்பட்டிருந்தது. எண்கள் மட்டும்தான் வேறு. நான் எழுதிய தேர்வின் வினாவும் அதுதான். வரைந்த மரம் தரும் குறியீட்டைவிடச் சுருக்கமான குறியீடு ஏன் இருக்க முடியாது என்று அப்போதும் எவரும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

ஹஃப்மன் குறியீடு தோன்றிய விதத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு வருத்தம் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1951ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் ஃபானோ என்ற பேராசிரியர் தம் வகுப்பு மாணவர்களுக்கு இரண்டு வழிகளைக் கொடுத்தார்: பருவ இறுதித் தேர்வை எழுதலாம், அல்லது ஒரு கட்டுரை எழுதித் தரலாம். 0, 1 மட்டுமே கொண்ட மிகச் சுருக்கமான இருமக் குறியீட்டைக் கண்டுபிடிப்பது கட்டுரைக்கான கணக்குகளில் ஒன்று. அதே கணக்கில் ஃபானோவும், தகவல் கோட்பாட்டை நிறுவிய கிளாட் ஷானனும் ஈடுபட்டிருந்தார்கள் என்பதும், அவர்கள் கண்ட முறை எப்போதும் மிகச் சிறந்த குறியீட்டைத் தருவதில்லை என்பதும் மாணவர்களுக்குச் சொல்லப்படவில்லை. டேவிட் ஹஃப்மன் மாதக்கணக்கில் முயன்று, இனி முடியாது என்று தேர்வுக்கே படிக்கத் தொடங்கவிருந்த நேரத்தில், மரத்தை மேலிருந்து கீழே பிரிக்காமல் கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1952இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அவர் வென்றது மரம் வரைந்ததால் அன்று. அதைவிடச் சுருக்கமான குறியீடு இருக்க முடியாது என்று காட்டியதால். தேர்வுக்கு மாற்றாக எழுதப்பட்ட ஒரு நிரூபணத்தை எடுத்து, நிரூபணத்தை உதறிவிட்டு, மிஞ்சிய மரத்தை மட்டும் தேர்வுக்கு வைத்திருக்கிறோம்.

அந்த நிரூபணம் எங்களுக்கு எட்டாத ஒன்றாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திராது. எழுத்துகள்தான் மரத்தின் இலைகள்; ஓர் எழுத்து எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நீளம் அதன் குறியீடு. மிகச் சிறந்த குறியீட்டின் மரம் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதன் அடிமட்டத்தில் அருகருகே இரண்டு இலைகள் இருக்கும். மிகக் குறைவாக வரும் இரண்டு எழுத்துகள் அங்கே இல்லையென்றால், அங்கே இருப்பவற்றோடு அவற்றை இடம் மாற்றலாம். அடிக்கடி வரும் எழுத்து மேலேறி, அரிதாக வருவது கீழிறங்குவதால் மொத்த நீளம் கூடாது. ஆகவே அந்த இரண்டையும் முதலில் இணைப்பதால் நமக்கு எந்த இழப்பும் இல்லை. இணைத்தவற்றை ஒரே எழுத்தாகக் கருதினால் எழுத்துகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது, அதே வாதம் மறுபடியும் பொருந்துகிறது. கரும்பலகையில் பத்து நிமிடம் போதும்.

ஒவ்வொரு படியிலும் அப்போதைக்குச் சிறந்ததாகத் தெரிவதை எடுத்துக்கொண்டு போவதே கிரீடி முறை; அந்த யூனிட் முழுவதும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் உயிரோடு இருக்கிறது. ஒரே ஒரு கருத்தரங்கக் கூடம் இருக்கிறது, அதைக் கேட்பவர்கள் பலர், எத்தனை நிகழ்ச்சிகளுக்கு முடியுமோ அத்தனைக்கு இடம் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தொடங்கும் நிகழ்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று தோன்றும். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை ஆறு வரை நீளும் ஒரே நிகழ்ச்சி அந்த விதியைக் கெடுத்துவிடும். மிகக் குறுகிய நிகழ்ச்சிக்குக் கொடுக்கலாம் என்றும் தோன்றும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஒன்று, பன்னிரண்டு முதல் மூன்று வரை மற்றொன்று, இரண்டுக்கும் குறுக்கே பதினொன்றரை முதல் பன்னிரண்டரை வரை ஒரு குறுநிகழ்ச்சி என்று வந்தால், குறுகியதைத் தேர்ந்தெடுத்து மற்ற இரண்டையும் இழப்போம். முதலில் முடியும் நிகழ்ச்சியை எடுப்பதே சரியான விதி. மூன்று விதிகளும் கேட்கும்போது ஒரே அளவுக்கு நம்பத்தக்கவையாகத்தான் ஒலிக்கின்றன. எது சரி என்பதைப் பிரித்துக் காட்டுவது நிரூபணம் ஒன்றுதான். எங்கள் வகுப்பில் மூன்றாவது விதி மட்டும் வந்தது, எழுதிக்கொண்டோம், அடுத்த தலைப்புக்குச் சென்றோம்.

சில்லறை கொடுக்கும் கணக்கும் அப்படித்தான் வந்து போனது. நம்மிடம் உள்ள 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்களில் பெரியதிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தால் மிகக் குறைந்த நாணயங்களில் கணக்கு முடிந்துவிடும். நாணயங்கள் 1, 3, 4 என்று மட்டும் இருந்தால், 6 ரூபாய்க்கு அதே விதி 4, 1, 1 என மூன்று நாணயங்களைக் கொடுக்கும். 3, 3 என்ற இரண்டே போதும் என்பதை அது காணாது. இந்த வேறுபாட்டைக் காட்டியிருந்தால், சிறு கணக்குகளின் விடைகளை அட்டவணையில் குறித்துவைத்துப் பெரிய கணக்கைத் தீர்க்கும் டைனமிக் புரோகிராமிங் அடுத்த யூனிட்டாக எதற்காக வருகிறது என்பது தானாகவே விளங்கியிருக்கும். ஓர் இடத்திலிருந்து மற்ற இடங்களுக்குக் குறுகிய வழியைக் காணும் டைக்ஸ்ட்ராவின் அல்காரிதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். எதிர்மறை எடைகள், அதாவது சுழியத்துக்கும் கீழான வழிச்செலவுகள், உள்ள வரைபடத்தில் அது தவறும் என்பதை இரண்டு மதிப்பெண் விடையாக மனப்பாடம் செய்து எழுதினோம். இதுவரை எட்டியவற்றுள் மிக அருகில் உள்ள முனைக்கு, இனி எந்தச் சுற்றுவழியும் இதைவிடக் குறைந்த தொலைவைத் தர முடியாது என்ற நம்பிக்கையில்தான் அதன் ஒவ்வொரு படியும் நிற்கிறது. எடை எதிர்மறையானால் அந்த நம்பிக்கை உடைகிறது. காரணம் தெரிந்தவருக்கு அந்த இரண்டு மதிப்பெண் விடையை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். கையால் படிப்படியாக எழுதிப் பார்க்கும் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. எடை வரம்புள்ள பைக்குள் அதிக மதிப்புள்ள பொருள்களை நிரப்பும் நாப்சாக் கணக்கின் அட்டவணையைக் கட்டம் கட்டமாக நிரப்பிய கை, பிற்காலத்தில் வேறொரு அட்டவணையை நினைவகத்தில் அமைக்கும்போது தடுமாறவில்லை. அதற்காக அந்த வகுப்பறைக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் அக்கறையில்லாதவரும் அல்லர். ஒரே பருவத்தில் வேறு பாடங்களும் லேபும் அவர் தலையில் இருந்தன, தேர்ச்சி விகிதத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும், பழைய வினாத்தாள்களில் நிரூபணம் கேட்டதே இல்லை. கேட்காத ஒன்றுக்கு அறுபது மாணவர்களின் நேரத்தைச் செலவிட அவர் தயங்கியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

ஆனால், “நம் மாணவர்களுக்கு நிரூபணமெல்லாம் ஏறாது” என்று துறையில் அடிக்கடி கேட்ட வாசகத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் எண் பகா எண்ணா என்பதைப் பல்லுறுப்பு நேரத்தில், அதாவது இலக்கங்கள் பெருகினாலும் கட்டுக்கடங்காமல் வளராத நேரத்தில், ஐயமின்றித் தீர்மானிக்கும் அல்காரிதத்தை 2002ஆம் ஆண்டு கான்பூர் ஐஐடியிலிருந்து மூவர் வெளியிட்டார்கள். அவர்களில் மணீந்திர அகர்வால் பேராசிரியர். நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக் முடித்தவர்கள். எல்லாரும் அவர்களைப் போல் ஆக வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. இளங்கலை மாணவர் கைக்கு நிரூபணம் எட்டாது என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

எட்டும் என்பதை நானே கண்ட நாளும் உண்டு. எங்கள் ஆசிரியர் விடுப்பில் இருந்த ஒரு நாளில் மூத்த பேராசிரியர் ஒருவர் வகுப்புக்கு வந்தார். பாடத்தை எங்கே விட்டிருக்கிறோம் என்று கேட்டுவிட்டு, ஐந்து எண்களை வரிசைப்படுத்தக் குறைந்தது எத்தனை ஒப்பீடுகள் வேண்டும் என்று பலகையில் எழுதினார். ஐந்து எண்கள் 120 வரிசைகளில் இருக்க முடியும். ஒவ்வோர் ஒப்பீட்டுக்கும் ஆம், இல்லை என்று இரண்டே விடைகள் என்பதால், ஆறு ஒப்பீடுகளால் 64 நிலைகளுக்கு மேல் பிரித்தறிய முடியாது. ஆகவே, எவ்வளவு திறமையான முறையாக இருந்தாலும், மோசமான நிலையில் ஏழு ஒப்பீடுகளுக்குக் குறைவாக முடிக்க வழியே இல்லை. பிறகு பத்து லட்சம் எண்களுக்கு அதே கணக்கைப் போட்டார்: ஏறத்தாழ ஒரு கோடியே 85 லட்சம் ஒப்பீடுகள் கட்டாயம் வேண்டும். அடுத்தடுத்த எண்களை ஒப்பிட்டு மாற்றும் பபிள் முறைக்கு ஐம்பதாயிரம் கோடி வரை ஆகலாம். வரிசைப்படுத்திய பாதிகளை இணைத்துக்கொண்டே போகும், 1945இல் ஜான் வான் நாய்மன் எழுதிய மெர்ஜ் முறையோ அந்தக் கீழ் எல்லையை ஒட்டியே முடித்துவிடும். இதுவரை எழுதப்பட்ட முறைகளைப் பற்றி மட்டுமல்லாமல், இனி எவர் எழுதப்போகும் முறையைப் பற்றியும் உறுதியாக ஒன்று சொல்ல முடியும் என்பதை அன்றுதான் முதன்முதலாக அறிந்தேன். கல்லூரியில் நான் அடைந்த மகிழ்ச்சிகளில் அதற்கு இணையாக வேறொன்றைச் சொல்ல என்னால் இயலாது.

அத்தகைய எல்லையை நிறுவாமல் வெறுமனே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அவர் ஒரு சான்று சொன்னார். பள்ளியில் கற்ற பெருக்கல் முறையைவிட விரைவான முறை இருக்க முடியாது என்று மாபெரும் கணித மேதையான கல்மகோரவ் கருதினார். 1960இல் மாஸ்கோவில் ஒரு கருத்தரங்கில் அதைச் சொல்லவும் செய்தார். அங்கே இருந்த 23 வயது மாணவர் அனத்தோலி கராத்சுபா, பெரிய எண்களைப் பாதி பாதியாகப் பிரித்துப் பெருக்கும்போது நான்கு சிறு பெருக்கல்கள் தேவைப்பட்ட இடத்தில் மூன்றே போதும் என்று ஒரு வாரத்திற்குள் காட்டிவிட்டார். கராத்சுபா முறை எங்கள் பாடத்திட்டத்தில் இருந்தது, தேர்விலும் வந்தது. அந்த வகுப்பைத் தவிர வேறெங்கும் இந்தப் பின்னணி வரவில்லை.

இன்றைய என் வேலையில் பயன்படுவது அந்த ஒரு மணி நேரம்தான். வண்டிகளை ஒதுக்க ஒரு புதிய விதியைச் சகப் பணியாளர் முன்வைக்கும்போது, அது தோற்கும் சிறிய உதாரணம் ஒன்றை முதலில் தேடுகிறோம். கிடைத்தால் விதி போய்விடும். கிடைக்காவிட்டால் அது ஏன் தோற்காது என்று இரண்டு பத்திகளாவது எழுதிவைக்கிறோம். எழுத முடியாமல் போன விதிகள், ஏறக்குறைய எல்லாமே, பிறகு எங்கோ ஒரு கிடங்கில் வண்டியை வெறுமையாக ஓடவிட்டிருக்கின்றன. இந்தப் பழக்கத்தைப் பெற, வேலைக்கு வந்த பிறகு தனியாகப் படிக்க வேண்டியிருந்தது. சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் நடத்திய அல்காரிதம் பாடத்தைப் பார்த்தேன்; கூடம் ஒதுக்கும் கணக்கும் ஹஃப்மன் குறியீடும் அங்கே நிரூபணத்தோடு, அவசரமின்றி வருகின்றன. கட்டணம் எதுவும் செலுத்தாமல் எவரும் பார்க்கலாம்.

சித்தி மகளின் கேள்வி இதுதான்: “அண்ணா, அடுத்த வருடம் மேம்பட்ட அல்காரிதம் விருப்பப்பாடமாக வருகிறது, எடுக்கட்டுமா?” நான்கு ஆண்டுகளில் படித்த பாடங்களில் எது அதிகம் உதவியது என்று கேட்டால், தயங்காமல் அல்காரிதம் என்றே சொல்வேன். அப்படிச் சொல்பவன் எடுத்துக்கொள் என்றுதான் பதில் தர வேண்டும். ஆனால், அந்த வினாத்தாளை முழுவதும் படித்த பிறகு, எடுக்க வேண்டாம் என்றே அவளுக்கு எழுதினேன். மேம்பட்ட பாடத்தில் வரும் தோராய அல்காரிதங்களும், தற்செயல் தேர்வைப் பயன்படுத்தும் அல்காரிதங்களும், வலையமைப்பில் பாயும் அளவைக் காணும் முறைகளும் நிரூபணம் இல்லாமல் போனால் வெறும் பெயர்ப் பட்டியலாகிவிடும். விடை உகந்த அளவைப் போல் இரு மடங்குக்கு மேல் போகாது என்பதை நிறுவாமல் ஒரு தோராய முறையைக் கற்பதில் எந்தப் பயனும் இல்லை. அதே துறையில், அதே வினா முறையில் அதை நடத்துவார்களானால், இந்தப் பாடத்தின் மீது அவளுக்கு இப்போது இருக்கும் ஆர்வமும் போய்விடும் என்று அஞ்சுகிறேன். அந்த இடத்தில் உண்மையாகவே நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் தரவுத்தளப் பாடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அல்காரிதத்தை என்பிடெல்லில் படிக்கட்டும். அதன் தேர்வில் தேர்ச்சி பெற்றால் கிரெடிட்டாக ஏற்பார்களா என்பதைப் பதிவு தொடங்கும் முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.